புடவை விளம்பரத்துக்கு அடியில்

ஐம்பத்தாறு வயதில் முழங்கால் வலிக்கு எந்த எண்ணெய் நல்லது என்பதைத் தவிர நமக்குள் பேச வேறு விஷயமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். பழைய மாணவிகள் சந்திப்புக்கு ஒரு மலர் போடலாம் என்று முடிவானதும் நம் வாட்ஸ்அப் குழு கல்யாண வீடாகிவிட்டது. அட்டையில் என்ன போடுவது என்பதற்கு மட்டும் நான்கு நாள் சண்டை. ஒருத்திக்குக் கோபுரம் வேண்டும். ஒருத்திக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரம். இன்னொருத்தியின் மகன் கம்ப்யூட்டரிடம் சொல்லி ஒரு நிமிடத்தில் படம் செய்து அனுப்பினான். சீருடையில் நாற்பது பெண்கள், நாற்பது பேருக்கும் ஒரே மூக்கு. அதற்கும் கைதட்டினீர்கள்.

அப்புறம்தான் யாரோ அவள் பேச்சை எடுத்தீர்கள். பதினொன்றாம் வகுப்பில் நம் ஆண்டு மலருக்கு அட்டை வரைந்தாளே, அவளையே கேட்கலாமே என்று. உடனே கீழே ஒரு பதில்: “பாவம், அவங்க வீட்ல முகம் வரையக் கூடாதுல்ல? பூ, கொடின்னு ஏதாவது கேளுங்க. சங்கடப்படுத்த வேணாம்.” அதற்கும் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள்.

அந்த வரிசையில் என் கை இல்லை. ஏனென்றால் அது பொய். நாற்பது வருடமாக நாம் எல்லாரும் மிகுந்த நல்லெண்ணத்தோடு நம்பிவரும் பொய். அது முளைத்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், தண்ணீரும் ஊற்றினேன். இதைப் படித்துவிட்டு என்னைக் குழுவிலிருந்து நீக்கினாலும் சரி, அந்த எண்ணெயின் பெயரை மட்டும் தனியாக அனுப்பிவிடுங்கள்.

அந்த வருடத்து தை மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். மயிலாப்பூரில் காலையில் மூடுபனி மாதிரி ஏதோ ஒன்று வந்து, முதல் மணி அடிப்பதற்குள் போய்விடும். நாம் பச்சை ரிப்பனை மடித்துக் கட்டிய இரட்டைப் பின்னலோடு, தேங்காய் எண்ணெய் வாசனையோடு வரிசையில் நிற்போம். மலர்க் குழுவுக்கு நான்தான் மாணவ ஆசிரியர். அந்தப் பதவி ஒரு சின்ன பேட்ஜ், அவ்வளவுதான். ஆனால் அதைக் குத்திக்கொண்டு நான் நடந்த நடைக்குத் தேர் தோற்றுவிடும்.

அட்டைப் போட்டிக்கு விதிமுறை எளிது. ஒரே நீளத் தாளில் முன்னட்டை, பின்னட்டை இரண்டையும் சேர்த்து வரைய வேண்டும். பின்னட்டையில் வழக்கம்போல தியாகராய நகர் பட்டுப்புடவைக் கடையின் விளம்பரம் வரும். அதனால் அந்தப் பாதியில் ரொம்பப் பாடுபட வேண்டாம், ஓரம் மட்டும்தான் வெளியே தெரியும் என்று டிராயிங் மிஸ் சொல்லிவிட்டார்.

நானும் போட்டியில் இருந்தேன். ஒரு குத்துவிளக்கு, ஒரு தாமரை, பறக்கும் புறா, பின்னால் உலக உருண்டை. இன்னும் கொஞ்சம் இடமிருந்தால் தேசியக்கொடியும் வந்திருக்கும். பரிசு எனக்குத்தான் என்பதில் எனக்கோ என் அம்மாவுக்கோ துளிக்கூட சந்தேகமில்லை.

அவள் எனக்குப் பின் பெஞ்சு. உயரப்படி உட்காரவைத்ததில் ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படி. அவளுடைய அப்பா ராயப்பேட்டையில் ஜரிகை வேலை செய்யும் சின்னக் கடை வைத்திருந்தார். வீட்டில் உருது, வாசலைத் தாண்டினால் நம்மைப் போலவே மெட்ராஸ் தமிழ். ஒரு தடவை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு உருதுச் சிறுவர் பத்திரிகையைக் காட்டினாள். ஹைதராபாத்திலிருந்து அவளுடைய தாய்மாமா, அவள் சொல்லில் மாமு, மாதாமாதம் அனுப்புவது. நான் நம் வழக்கப்படி திறந்தேன். கடைசிப் பக்கத்துப் புதிர் வந்தது.

“என்னடி இது, கடைசியிலேர்ந்து ஆரம்பிக்குது?”

“உங்களுக்குத்தான் அது கடைசி. எங்களுக்கு இதான் மொதல்,” என்று பத்திரிகையைத் திருப்பி என் மடியில் வைத்தாள். அதன் அட்டையில் பட்டம் விடும் பிள்ளைகள். ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு மாதிரி. அந்த முகங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் வரையக் கற்றுக்கொண்டாள். கணக்கு நோட்டின் ஓரமெல்லாம் முகம். கண்டக்டர், பூக்காரம்மா, தூங்கும் வாட்ச்மேன்.

போட்டிக்கு அவள் வரைந்தது இது. ஒரு பாதியில் காலை மணி, நாம் நாற்பது பேரும் பள்ளிக்கூட வாசலுக்குள் வருகிறோம், நாற்பது முகங்கள். மறு பாதியில் மாலை மணி, அதே நாற்பது பேர் வீட்டுக்குப் போகிறோம், நாற்பது முதுகுகள், பின்னல்கள். முகத்தைப் பார்த்துத் திறந்து முதுகைப் பார்த்து மூட வேண்டும். பத்து மாதப் பள்ளிக்கூடம் ஒரு நாளில் அடங்கிவிட்டது. டிராயிங் மிஸ் என் உலக உருண்டையை ஒரு பக்கமாக வைத்துவிட்டு அவளுடையதைத் தன் அறைக்குள் மாட்டினார், வகுப்புக்குக் காட்டவில்லை. அவர் அதை ஒரே நீளப் படமாகத்தான் பார்த்தார். எங்கே மடிப்பு வரும் என்று யோசிக்கவில்லை. பிரசவ விடுமுறைக்குப் போகிற அவசரம் வேறு.

படம் வரைந்துகொண்டிருந்த நாட்களில் அவள் என் தோளைத் தட்டி இரண்டு மூன்று தடவை கேட்டிருக்கிறாள். “ஒரு அரை மணி நேரம் எம்முன்னாடி வந்து உக்காருடி.” நான் எதற்கென்று கேட்கவில்லை. புறாவுக்கு இறகு போட்டுக்கொண்டிருந்தேன். “நாளைக்குப் பாக்கலாம்,” என்றேன்.

டிராயிங் மிஸ் விடுமுறையில் போனதும் படத்தை அச்சகத்தில் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. அன்று மதியம் அவள் ஓடி வந்தாள். “ரெண்டே நாள் குடுடி. ஒரே ஒரு எடம் பாக்கி கீது.”

“பிரெஸ்ல இன்னிக்கே கேக்கறாங்க,” என்றேன். அச்சகத்தில் அவசரம் ஒன்றுமில்லை. எனக்குத்தான் அவசரம், அந்தப் படம் என் கண்ணைவிட்டுப் போனால் போதும் என்று. சுருட்டி எடுத்துக்கொண்டேன். விரித்துப் பார்க்கவே இல்லை. பார்த்தால் நன்றாக இருக்கிறது என்று ஒத்துக்கொள்ள வேண்டி வரும்.

அச்சகம் லஸ் பக்கத்துச் சந்தில். உள்ளே மண்ணெண்ணெயும் மையும் சேர்ந்த வாசனை. அச்சகக்காரர் படத்தை மேசையில் விரித்து, நான்கு மூலையிலும் ஈயக்கட்டிகளை வைத்தார். புடவை விளம்பரம் தனித்தாளில் அச்சாகித் தயாராக இருந்தது. அதைப் பின்னட்டைப் பாதியில் ஒட்டிவிட்டு, மொத்தத்தையும் கேமராவில் எடுப்பது அவர்கள் வழக்கம்.

உங்கள் கையில் ஒரு நோட்டு இருந்தால் நடுவில் விரித்து அட்டை மேலே தெரியக் கவிழ்த்து வையுங்கள். வலது கைப் பக்கம் இருப்பது முன்னட்டை, இடது கைப் பக்கம் பின்னட்டை. அச்சகக்காரர் விளம்பரத்தை எடுத்து இடது பாதியின்மேல் வைத்துப் பார்த்தார். இடது பாதியில்தான் முகங்கள்.

“இன்னா பாப்பா, மூஞ்சிங்க எல்லாம் அடில போய்டும் போல கீதே? முன்னாடி வெறும் முதுகா வருது.” தலையைச் சொறிந்தார். “வரைஞ்ச பொண்ணாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கினு வா. ஒண்ணியும் அவசரம் இல்ல, நாளிக்கி ஒட்டிக்கலாம்.”

எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. அட்டை எப்படி மடியும் என்று பார்க்க அவள் வீட்டில் எந்தப் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்திருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதை என் மடியில் வைத்துக் காட்டியவள் அவள்தான். உருது வலமிருந்து இடமாகப் போவது, அந்தப் பத்திரிகைக்கு முன்னட்டை இடது பக்கம். இரண்டு பாதியையும் மாற்றி ஒட்டிப் படம் எடுத்தால் தீர்ந்தது. அதற்கு நான் வாயைத் திறந்தால் போதும்.

“கேக்க வேணாம் சார். அவ அப்படித்தான் வரைவா,” என்றேன்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் போன்ற பசையை விளம்பரத்தின் நான்கு ஓரத்திலும் தடவினார். நாற்பது முகங்களின்மேல் ஒரு பட்டுப்புடவை வந்து உட்கார்ந்தது.

மலர் வந்த அன்று நடந்தது உங்களுக்கும் தெரியும், ஆனால் பாதிதான் தெரியும். நமக்குத் தமிழ்ப் பாடம் எடுத்த தமிழம்மா கட்டைப் பிரித்தார். அட்டையைப் பார்த்தார். அவள் அப்போது அலுவலக அறைக்கு ஏதோ எடுத்துவரப் போயிருந்தாள். தமிழம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார். “முஸ்லிம் வீட்டுல முகம் வரையற வழக்கம் இருக்காதும்மா. அதான் பாவம், எல்லாரையும் திருப்பி நிக்க வெச்சிருக்கா. யாரும் அவகிட்ட இதைப் பத்திக் கேக்கக் கூடாது. மனசு சங்கடப்படும்.”

எவ்வளவு நல்ல மனசு. அந்த நல்ல மனசுதான் அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க விடாமல் செய்தது. கணக்கு நோட்டு ஓரத்து முகங்களை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் ஒருத்தி வாயைத் திறக்கவில்லை. பெரியவர்கள் இரக்கத்தோடு ஒன்றைச் சொல்லிவிட்டால் கண்ணால் கண்டதுகூடப் பொய்யாகிவிடும் போலிருக்கிறது.

அவள் திரும்பி வந்து மலரைக் கையில் எடுத்தாள். முன்னால் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். விளம்பரத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினாள், அடியில் ஏதாவது இருக்கிறதா என்பது போல. அப்புறம் என் தோளைத் தட்டினாள்.

“நான் தப்பான பக்கம் வரைஞ்சிட்டனாடி?”

“ஆமாம்,” என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இடைவேளையில் நடந்ததுதான் அதிசயம். யார் ஆரம்பித்தது என்று தெரியாது. “ஏய், இது நம்ம லீடர் பின்னல்டி, ஒண்ணு உசரம் ஒண்ணு கட்டை.” “இந்தக் கனகாம்பரம் யாரு, நானா?” அவரவர் பின்னலை அவரவருக்கு அடையாளம் தெரியவில்லை. பின் பெஞ்சுக்காரிதான் சொல்ல வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள், வருடக்கணக்கில் நாம் ஒருவரை ஒருவர் பார்த்தது முதுகுப் பக்கமாகத்தானே. பேனாவை எடுத்து ஒவ்வொரு பின்னலுக்குக் கீழும் பெயர் எழுத ஆரம்பித்தோம். அந்த மலர் உங்களில் யாரிடமாவது இன்னும் இருந்தால் அந்தப் பெயர்களும் இருக்கும். அவளும் கடைசியில் சிரித்துவிட்டாள்.

நடுவில் ஒரு பின்னல். இடது ரிப்பன் பாதி அவிழ்ந்து, கழுத்தில் ஒரு மச்சத்தோடு. விளம்பரம் மறைக்கப்போகிற பக்கம்தானே என்று மற்ற பின்னல்களைக் கொஞ்சம் அவசரமாகப் போட்டிருந்தவள், அதை மட்டும் ஒவ்வொரு இழையாக வரைந்திருந்தாள். “இது நீதான்டி, அப்பட்டமா நீ,” என்று எல்லாரும் என் முதுகில் தட்டினீர்கள். நான் டிபன் டப்பாவை மூடினேன்.

அசல் படத்தை அச்சகக்காரர் என்னிடம்தான் திருப்பிக் கொடுத்தார். “பத்திரம் பாப்பா.” பள்ளியில் கொடுத்தால் டிராயிங் மிஸ் விடுமுறை முடிந்து வந்ததும் பார்ப்பார், கேட்பார். வீட்டு பீரோவில் அடித்தட்டில் செய்தித்தாளுக்குக் கீழே வைத்தேன். அவர் அப்புறம் வேலைக்குத் திரும்பி வரவே இல்லை, கேட்கவும் ஆளில்லை. கல்யாணமாகி ராஜா அண்ணாமலைபுரம் வந்தபோது பீரோவும் வந்தது, படமும் வந்தது. என் வீட்டுக்காரர் அதை எல்.ஐ.சி. பத்திரம் என்று இன்றுவரை நம்புகிறார்.

சரி, சென்ற வாரத்துக்கு வருகிறேன். அந்தக் கும்பிடும் கைகளைப் பார்த்த மறுநாள் பீரோவைத் திறந்து படத்தை எடுத்தேன். அவளுடைய நம்பரை விசாரித்து வாங்கி, வரலாமா என்று கேட்டேன். பறக்கும் ரயிலில் வேளச்சேரி, அங்கிருந்து ஆதம்பாக்கத்துக்கு ஆட்டோ. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஆட்டோ குலுங்கின குலுக்கலில் உதிர்ந்துவிட்டன.

மாடியில் அவளுடைய எம்பிராய்டரிக் கூடம். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, நாலைந்து பெண்கள் கல்யாண ரவிக்கைகளுக்கு ஜரிகை ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். டிசைன் எல்லாம் அவள் கைதான். மயில், மாங்காய், தாமரை. சுவர் முழுக்க அவை மாட்டியிருந்தன. நான் தேடிப் பார்த்தேன். ஒரு முகம்கூட இல்லை.

“இன்னாடி, நாப்பது வருசம் கழிச்சி வழி தெரிஞ்சிதா?” என்று கையைப் பிடித்துக் கீழே வீட்டுக்குள் அழைத்துப் போனாள். அவளுக்கும் முழங்கால் வலி.

நான் உட்காராமலே சொல்லி முடித்தேன். அச்சகம், விளம்பரம், அவர் கேட்டது, நான் சொன்னது, எனக்குத் தெரிந்தே சொன்னது. தமிழம்மா சொன்னது. குழுவில் நீங்கள் எழுதியது வரை.

அவள் முதலில் கேட்டது தமிழம்மாவைப் பற்றி. “அதான் அப்புறம் எல்லாப் போட்டியிலயும் எனக்கு மட்டும் மலையும் சூரியனும் குடுத்தாங்களா? நான் இன்னாமோ எனக்கு மூஞ்சி வரைய வரலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்.”

“யாரும் உன்னைக் கேக்கல. நானும் சொல்லல.”

“நீ சொன்னியே. தப்பான பக்கம்னு நீதான சொன்ன.” குரல் மாறிவிட்டது. “அன்னிக்கி ஊட்டுக்குப் போயி அந்த புக்க எல்லாம் கட்டிப் பரண்ல போட்டேன். மாமு அனுப்பறத பிரிக்கக்கூட இல்ல. எங்க ஊட்டு புக்கே தப்பான பக்கம் தொறக்குதுன்னு வெக்கமா பூட்ச்சு. அவரு போய்ச் சேந்துட்டாரு. ஏன்டி படிக்கறதில்லன்னு ஒரு தபா கேட்டாரு, நான் பதில் சொல்லல.”

அதை நான் எதிர்பார்க்கவில்லை. படத்தைத்தான் கெடுத்தேன் என்று நினைத்திருந்தேன். அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். பாத்திரங்கள் சத்தமாக இடம் மாறின. அழுகிறாள் என்று நினைத்தேன், இல்லை, கோபம். போய்விடலாமா என்று இரண்டு தடவை பையை எடுத்து இரண்டு தடவை கீழே வைத்தேன். நாற்பது வருடம் முன்னால் திரும்பிப் பார்க்காதவள், இன்றைக்காவது உட்கார்ந்திருக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு தம்ளர் டீயோடு வந்தாள். என் தம்ளரைக் கொஞ்சம் வேகமாகத்தான் வைத்தாள். “எங்க, அத்தக் காட்டு,” என்றாள்.

மேசையில் விரித்தேன். வலது பாதியில் பின்னல்கள் பழுப்பேறிக் கிடந்தன. இடது பாதியில் புடவைக்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடத்தில் பசை காய்ந்து வெறும் தோலாகிவிட்டிருந்தது. அவள் மேலே போய் ஒரு நீள ஊசியை எடுத்துவந்து விளம்பரத்தின் ஓரத்தில் நுழைத்தாள். உரிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. வாழைச்சருகு மாதிரி தானாகக் கழன்று வந்தது.

வெளிச்சமே படாத நிறங்கள். நேற்று வரைந்த மாதிரி நீலமும் பச்சையும். அடியே, நீங்கள் எல்லாரும் இருக்கிறீர்கள். கோபுரம் கேட்டவளே, உன் தெத்துப்பல் இருக்கிறது. பூ கொடி கேட்கச் சொன்னவளே, நீ மூக்கைச் சுருக்கிக்கொண்டு வெயிலைப் பார்க்கிறாய். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு மூக்கு. போன வருடம் நம்மை விட்டுப் போனவளும் இருக்கிறாள், பதினாறு வயதில், எதற்கோ வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு. நாங்கள் இருவரும் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தோம். அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் போயிருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் வேறு ஒன்று வந்து நின்றிருந்தது. தான் வரைந்ததைத் தானே பார்க்கும் சந்தோஷம் அது.

“நல்லாத்தான்டி வரைஞ்சிருக்கேன்,” என்றாள் மெல்ல.

நடு வரிசையில் ஒருத்திக்கு மட்டும் முகமில்லை. பென்சிலில் ஒரு வட்டம், காதோரம் இரண்டு ரிப்பன், இடது ரிப்பன் பாதி அவிழ்ந்து. மார்பில் ஒரு பேட்ஜ். அவ்வளவுதான். அவள் கடைசி நாளில் ஓடி வந்து ஒரே ஒரு இடம் பாக்கி என்றது அதுதான்.

“ஆறு வருசம் உன் பின்னலத்தான் பாத்துக்கினு இருந்தேன்,” என்றாள். “அத கண்ண மூடிக்கினு போடுவேன். மூஞ்சிதான் நெலையா நிக்கல. உக்காருன்னு எத்தினி தபா கேட்டேன்.”

ஊசியை வைத்துவிட்டு டிசைன் போடும் பென்சிலை எடுத்தாள். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

மலர்க் குழுவுக்குச் சொல்கிறேன், அச்சகத்தில் யாரும் அவசரப்படுத்த வேண்டாம். அட்டை தயாராகிக்கொண்டிருக்கிறது, இந்தத் தடவை முகங்கள் முன்னால். நான் தினமும் மத்தியானம் ஆதம்பாக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். முதல் நாள் என் கைப்பையைத் தேடி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தபோது அவள் என் தோளைத் தட்டினாள்.

“இந்தப் பக்கம் திரும்புடி,” என்றாள். திரும்பினேன்.